கடன் யார் பேரில் இருக்கிறதோ

பிப்ரவரி 4, சனி

காலை ஒன்பதே முக்காலுக்குக் காப்பிப் பொடி வாங்கப் போன வீட்டுக்காரர் ஒன்றே முக்காலுக்கு வந்தார். காவிரிப் பாலத்தில் வேலை நடப்பதால் கார்கள் பைபாஸ் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். "திரும்புற எடத்தத் தவற விட்டுட்டேன், கமலம்" என்றார். வெயில் வேறு.

என் போனில் வந்திருந்த செய்திகள்: 10.52 சமயபுரம் சுங்கச்சாவடி. 11.41 சென்னை ரோட்டில் திருமாந்துறை சுங்கச்சாவடி. 12.20 மறுபடி திருமாந்துறை. 1.14 மறுபடி சமயபுரம். கார் என் பேரில் இருப்பதால் சுங்கம் கழிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் செய்தி வரும்.

காப்பிப் பொடி வாங்கவில்லை. மாலை நான் நடந்து போய் வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 8, புதன்

பள்ளியில் வருமான வரிப் படிவம் கொடுக்கக் கடைசி நாள். அலுவலகத்தில் பாக்கியம் எல்லோருடைய படிவத்தையும் பரப்பி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க வீட்டுக்காரர் இன்கம்டாக்ஸ்ல இருந்தவர். நீங்க ஏன் இவ்வளவு வரி கட்டுறீங்க? ஒரு கரண்டு கார் வாங்குங்களேன்" என்றாள்.

கடன் போட்டு மின்சார வண்டி வாங்கினால் அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாமாம். ஆனால் மார்ச் 31க்குள் கடன் அனுமதியாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்குகிறவர்களுக்கு இல்லை.

"நான் எங்கே கார் ஓட்டப் போறேன்?" என்றேன்.

"கியர் கிடையாது, கிளட்சு கிடையாது டீச்சர். என் தங்கச்சி ஓட்டுறா. அவளுக்குத் தையல் மிஷினே ஓட்ட வராது."

பாலம் திறக்கும் வரைக்கும் எனக்குப் பஸ்தான்; பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வரி மிச்சம் என்றால் யாருக்குத்தான் நினைப்பு ஓடாது?

பிப்ரவரி 11, சனி

டாக்டரிடம் போனோம். ஆட்டோவில். அவரிடம் என் தலைசுற்றலுக்கு என்று சொல்லியிருந்தேன். டாக்டர் என்னை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அவரிடம் திரும்பினார். மூன்று வார்த்தைகள் சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்டார். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். இவர் வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களைச் சரியாகத் தொடங்கினார். பன்னிரண்டும் வட்டத்தின் வலது பாதியிலேயே தீர்ந்துபோயின.

பிறகு டாக்டர் என்னைத் தனியாக ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பேசினார்.

வெண்டைக்காய் கிலோ அறுபது. பிஞ்சாக இல்லை.

இரவு உணவுக்கு முன் ஓசூரிலிருந்து தாரணி பேசினாள். "டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டார்ல? அப்புறம் என்னம்மா? சாவிய எடுத்து பீரோல வெச்சுப் பூட்டு."

மகளுக்குச் சொல்வது எளிது. இருபத்தைந்து வருஷமாகத் தினமும் காலை எட்டு இருபதுக்கு என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட மனிதர் அவர். அலுவலகத்தில் கே.பி. சார் என்றால் எழுந்து நிற்பார்கள். குஞ்சிதபாதம் என்ற முழுப் பேரை எழுத வராத ஆள்கள்கூட அவர் நோட்டீசுக்குப் பயந்தார்கள். அந்த மனிதரின் கையிலிருந்து சாவியை எப்படி வாங்குவது? எந்த முகத்தோடு வாங்குவது?

பிப்ரவரி 12, ஞாயிறு

ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பதிவான நாள் 27.3.1998. உரிமையாளர்: கு. செங்கமலம்.

வண்டி வந்த அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும், அது நசுங்காமல் தெறித்து எதிர்வீட்டு வாசலுக்கு ஓடியதும், மூன்று வயது தாரணி அதைத் துரத்திப் பிடித்து வந்து மறுபடி வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளை மாருதி. உள்ளே புது பிளாஸ்டிக் வாசனை. "என் பேர்ல எதுக்கு, எனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்னே தெரியாது" என்று சொன்னேன். "உன் பேர் ராசி. உன் பேர்ல இருந்தாத்தான் வண்டி நம்மள விட்டுப் போகாது" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வண்டி பெண்சாதி பேரில், ஓட்டுவது புருஷன்.

கொல்லிமலைக்குப் போனோம். எழுபது வளைவிலும் தாரணி வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, அவள் முகத்தைக் கழுவி, வளைவின் எண்ணைப் படித்துக் காட்டினார். அவள் எண்களைக் கற்றுக்கொண்டது அந்த மலையில்தான்.

மாலை நாலு பத்துக்குப் பள்ளி வாசலில் இரண்டு சின்ன ஹார்ன். பிள்ளைகள் சிரிப்பார்கள்: "மிஸ், உங்க குயில் கூவுது."

பதிவு இந்த மார்ச் 26 வரைக்கும்தான். புதுப்பிக்கும் படிவத்தை அவர் போன மாதமே வாங்கி, நிரப்பி, ரேடியோவுக்கு அடியில் வைத்திருக்கிறார். உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

பிப்ரவரி 16, வியாழன்

இட்லி வைத்துக்கொண்டே சொன்னேன். "மின்சாரக் கார் வாங்கினா வரி கழிவு உண்டாமே?"

அவர் தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எண்பது, டபுள் ஈ, பி" என்றார். "தனி நபருக்கு மட்டும். கம்பெனிக்குக் கெடையாது. வங்கிலயோ நிதி நிறுவனத்துலயோ வாங்கின கடனா இருக்கணும். கைமாத்து செல்லாது. கடன் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் கழிவு. வண்டி எப்ப வந்துச்சுன்னு சட்டம் பார்க்காது, கடன் எப்ப சாங்ஷன் ஆச்சுன்னுதான் பார்க்கும். புது வரி முறைக்குப் போயிட்டா இது கெடையாது. வர்ற வருஷத்துலேருந்து புது முறைதான் தானா வரும்னு பட்ஜெட்ல சொல்லிட்டாங்க. பழசு வேணும்னா நாமதான் கேட்டு வாங்கணும்."

நேற்று மதியம் சாப்பிட்டாரா இல்லையா என்று இரண்டு தடவை கேட்ட மனிதர் இவர். இதை மூச்சு விடாமல் சொன்னார். எனக்குப் பழைய நாள் மாதிரி இருந்தது. வேலையில் இருந்தபோது இப்படித்தான், சாப்பாட்டு மேசையில் சட்டம் ஓடும். என் அண்ணனின் மரக்கடைக்கே நோட்டீஸ் அனுப்பியவர். இரண்டு வருஷம் அண்ணன் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. "விதின்னா விதிதான். உங்க அண்ணனுக்கு வேற, ஊருக்கு வேறயா?" என்பார்.

"அப்ப என் பேர்லதான் வாங்கணும்" என்றேன். "எனக்குத்தானே சம்பளம்."

"வாங்கு. எதுக்குன்னுதான் தெரியல. நம்ம வண்டிக்கு என்ன கொறச்சல்?"

"வரி மிச்சந்தான்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தப்புக் கணக்கு கொண்டுவந்த வியாபாரியைப் பார்க்கிற பார்வை அது.

பிப்ரவரி 20, திங்கள்

ஜெயசீலி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். காலை ஆறிலிருந்து ஏழு. வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஷோரூம். ஷர்மிளா என்ற பெண் காட்டினாள். கதவைத் திறந்ததும் அவரைப் பார்த்து, "சார், நீங்க ஓட்டிப் பாருங்க" என்றாள். நான் குறுக்கே விழுந்து, "அவருக்கு முழங்கால் வலி" என்றேன். அவர் தன் முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

வண்டி ஓடும்போது சத்தமே இல்லை. "உசிரு இருக்கா இல்லையான்னே தெரியலியே" என்றார். நீலம் பிடித்திருக்கிறது. முன்பணம் கட்டினேன். வண்டி மே மாதம்தான் வருமாம்.

முதல் வருஷம் வரியில் மிச்சமாவது இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். வட்டி குறையக் குறைய அதுவும் குறையும். வரும் வழியில் விரலை மடக்கி அவரே சொன்னார். "இதுக்காக ஒருத்தி எட்டு லட்சம் கடன் வாங்குவாளா, டீச்சர்?"

மளிகை ஞாபகம் வந்தது. இறங்கி உப்பு, துவரம்பருப்பு வாங்கினோம்.

மார்ச் 6, திங்கள்

பாலம் திறந்துவிட்டார்கள். இனிமேல் சுற்ற வேண்டாம். சந்தோஷமாகக் கிளம்பினோம். ஆறு மாதம் கழித்து நடுப்பாலத்திலிருந்து மலைக்கோட்டையைப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பாலம் இறங்கியதும் இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் வண்டியை நிறுத்தினார். சிக்னல் பச்சை. பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. ஆட்டோக்காரன் ஒருவன் ஜன்னலருகில் வந்து, "பெருசு, பாலத்த இன்னொரு தடவ மூடணுமா?" என்றான்.

அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "கமலம், எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கங்க."

"ஆமா, இடது பக்கந்தான்" என்று சிரித்தார். புதுத் தார் போட்டதால் ரோடு வேறு மாதிரி இருந்தது. யாருக்கும் குழம்பத்தான் செய்யும்.

மார்ச் 9, வியாழன்

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பாலம் இறங்கப் போகும்போதே, "இடது பக்கம் அந்தப் பழக்கடையப் பாருங்க, சப்போட்டா வந்திருக்கு" என்கிறேன். அவர் இடது பக்கம் பார்க்கிறார், திரும்புகிறார். அதற்கு அடுத்த திருப்பத்தில் வலது பக்கம் தையல்கடை: "பிளவுஸ் தெச்சிருப்பானா?" பள்ளிக்கு வரும் வழியில் மொத்தம் நாலு திருப்பம். நாலுக்கும் பேச்சு வைத்திருக்கிறேன். என்னை இறக்கிவிட்ட பிறகு அவர் தனியாகத் திரும்ப வேண்டும் என்பதால், "இங்கேயே நிழல்ல பேப்பர் படிங்க, சாயந்திரம் சேர்ந்து போகலாம்" என்று சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஏன் என்று கேட்காமல் இவர் பேப்பரை விரித்தார்.

மார்ச் 13, திங்கள்

பிளஸ் டூ பரீட்சை ஆரம்பம். பதினோராம் அறையில் மேற்பார்வை. ஒரு பெண் ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டு அழுதாள்.

போகும்போது அவர் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் என் இடது கால் தரையை மிதித்திருக்கிறது. எனக்கே தெரியாமல். ஜெயசீலியின் வண்டியில் கிளட்ச் இருக்கிறது, பழக்கமாகிவிட்டது. அவர் என் காலைப் பார்த்தார். அடுத்த தடவை கியர் மாற்றும் முன் ஒரு நொடி நிறுத்தி, என் கால் இறங்கிய பிறகு மாற்றினார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

மார்ச் 19, ஞாயிறு

தாரணி போனில் அவரிடமே பேசிவிட்டாள். "அப்பா, நீங்க இனிமே வண்டிய எடுக்காதீங்க. எங்கயாவது இடிச்சா அம்மா தாங்குவாங்களா?"

அவர் போனை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் கத்தினார். முப்பத்தொரு வருஷத்தில் இப்படிக் கத்திக் கேட்டதில்லை. "நீ சொல்லிக் குடுத்தியா? ஒரு கீறல் உண்டா அந்த வண்டில? ஒரு அபராதம் உண்டா? அந்த ஃபாரத்துல நீ ஏன் கையெழுத்துப் போடல?"

ரேடியோவுக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார். பென்சில் குறி அப்படியே இருந்தது.

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் அன்றைக்குச் சமாதானமாகியிருக்கும். அவர் சிரித்திருப்பார். சாயந்திரம் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்திருப்பார். பச்சை சிக்னலில் நின்ற பஸ்ஸின் முகம் கண்ணில் வந்தது.

"பேனால மையில்ல" என்று சொல்லி மூடி வைத்தேன்.

அவர் வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, குழம்பு கொதித்து இறக்கிய பிறகு, மோர் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மோரைக் குடித்தார்.

மார்ச் 24, வெள்ளி

வங்கியில் இன்னும் கடன் அனுமதியாகவில்லை. வருஷக் கடைசி, ஏப்ரலில் பார்க்கலாம் என்றார் மேனேஜர். இளைஞர். நான் தயங்கி நின்றேன். அவர் என் பின்னாலிருந்து முன்னே வந்தார்.

"தம்பி, வண்டி ஏப்ரல்ல வரலாம், மே மாசம் வரலாம். பணம் அப்பக் குடுங்க. அனுமதிக் கடிதத்துல தேதி மார்ச் முப்பத்தொண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினா இந்தம்மாவுக்கு இந்தப் பிரிவே இல்ல. கடன் முடியுற வரைக்கும் வருஷா வருஷம் நஷ்டம். அதுக்கு நீங்கதான் காரணம்னு எழுதிக் குடுப்பீங்களா?"

மேனேஜர் எழுந்து நின்றார். "சார் எந்த ஆபீஸ்ல இருக்கீங்க?"

"இருந்தேன்" என்றார்.

புதன்கிழமைக்குள் தருவதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் எங்கே நிறுத்தினோம் என்று காரைத் தேடினார். எதிரிலேயே நின்றிருந்தது. "அந்த வெள்ளை வண்டி அழகா இருக்குல்ல?" என்றேன்.

மார்ச் 25, சனி

முக்கொம்புக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். எட்டு மணிக்குக் கிளம்பினோம். முந்தின நாளே வண்டியைக் கழுவி வைத்திருந்தார். கரூர் ரோட்டில் ஆற்றோரமாகவே போனோம். நாற்பதுக்கு மேல் போகவில்லை. டேப்பில் கேசட் சிக்கிக்கொண்டு பதினைந்து வருஷமாகிறது, அதனால் அவரே பாடினார். வரிகள் எல்லாம் ஞாபகம் இருந்தன.

மதகுக்குப் பக்கத்தில் புளியோதரை சாப்பிட்டோம். முன்பு அங்கே ஒரு குரங்கு தாரணியின் பிஸ்கட் பொட்டலத்தைப் பறித்ததும், இவர் குரங்கிடம் ரசீது கேட்டதும் பேசிச் சிரித்தோம்.

திரும்பும்போது நான் ஒரு கடையையும் காட்டவில்லை. ஆறு கூடவே வந்துகொண்டிருந்தது. வீடு வரை சரியாக வந்தார்.

மார்ச் 26, ஞாயிறு

பதிவு இன்றோடு முடிகிறது. கையெழுத்து கேட்கவில்லை. மாலையில் படிவத்தை எடுத்து நாலாக மடித்து, ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்து, பைலில் போட்டார். சாவியை ஆணியில் மாட்டினார்.

"நாளைலேருந்து ரோட்ல எடுத்தா தப்பு" என்றார். "விதின்னா விதிதான்."

மார்ச் 29, புதன்

கடன் அனுமதிக் கடிதம் வந்தது. தேதியை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். 29.3.2023. இன்று பஸ்ஸில் போனேன். மாலை நாலு பத்துக்கு வாசலைப் பார்த்தேன், பழக்கதோஷம்.

ஏப்ரல் 12, புதன்

டிரைவிங் டெஸ்டில் எட்டு போட்டேன். பாஸ். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். "ரிசல்ட் என்ன?" என்றார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பழைய வண்டியை எடுத்துப் போனார்கள். பழைய வண்டிகளை உடைக்கும் கழிவு மையத்துக்கு. கட்டி இழுத்தார்கள். ஹார்ன் வேலை செய்கிறதா என்று அவர் ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஒரு தடவை அழுத்தினார். இரண்டு தடவை. தாரணிக்குச் சொல்லவில்லை. அவளே போன் செய்து, "போயிடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

மே 12, வெள்ளி

வண்டி எடுக்க நாள் பார்த்துப் போனோம். ஷோரூமில் சிவப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்று வைத்திருக்கிறார்கள், போட்டோவுக்கு. ஷர்மிளா நேராக அவரிடம் நீட்டினாள். "சார், வாங்கிக்குங்க. மேடம் பக்கத்துல நில்லுங்க. அப்புறம் சார் ஓட்டிட்டு வெளியே வர்ற மாதிரி ஒரு வீடியோ."

முழங்கால் வலி என்று மறுபடி சொல்ல வாய் வரவில்லை. சுற்றிலும் பத்துப் பேர் கைதட்டத் தயாராக நின்றார்கள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் ஓட்டக் கூடாதும்மா" என்றார். "எண்பது, டபுள் ஈ, பி. அந்தப் பிரிவுப்படி கடன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் ஓட்டணும். வீட்டுக்காரர் ஓட்டினாருன்னா கழிவ ரத்து பண்ணிடுவான்."

"ஐயோ, அப்படியா சார்? எனக்கு யாருமே சொல்லலியே. எத்தனை பேருக்குத் தப்பாச் சொல்லியிருக்கேனோ!"

"பழசெல்லாம் போகட்டும். கவலப்படாத."

அந்தப் பிரிவை நான் பாக்கியத்திடம் வாங்கி முழுக்கப் படித்திருக்கிறேன். ஐந்து உட்பிரிவு. யார் ஓட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அவருக்கும் தெரியும். சொந்த மச்சானுக்கு நோட்டீஸ் அனுப்பியவர், இல்லாத விதி ஒன்றைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்லையா, டீச்சர்?"

"ஆமாங்க" என்றேன். "விதின்னா விதிதான்."

அட்டைச் சாவியை நான் வாங்கினேன். எலுமிச்சம்பழம் இந்தத் தடவை ஒழுங்காக நசுங்கியது.

அவர் இடது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். ரோட்டுக்கு வந்தேன். என் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பின்னால் ஹார்ன், பக்கத்தில் பஸ், குறுக்கே ஒரு சைக்கிள். பாலத்தில் ஏறினேன். முதலில் வீட்டுக்குப் போய்ப் பூஜை, பிறகு மறுபடி பாலம் தாண்டிப் பள்ளிக்கு, பாக்கியத்துக்கு இனிப்புக் கொடுக்க. இரண்டாவது தடவை பாலத்தில் வரும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இருபத்தைந்து வருஷமாக வந்துபோன ரோடு, ஓட்டுகிற இடத்திலிருந்து பார்த்தால் வேறு ஊர் மாதிரி இருக்கிறது. பாலம் இறங்கியது. சிக்னல் பச்சை. எந்த வரிசையில் நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று ஒன்றும் தோன்றவில்லை. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் பஸ் அலறியது.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, சாதாரணமாகச் சொன்னார்.

"டீச்சர், இடது பக்கம் அந்தப் பழக்கடையப் பாரு. சப்போட்டா வந்திருக்கு."

இடது பக்கம் பார்த்தேன். திரும்பினேன்.

மே மாதம், கடையில் மாம்பழம்தான் இருந்தது.